மல்லிப்பூவும் இரண்டாவது பேட்டரியும்

முகமது ஆசிக்கைப் பார்த்த மாத்திரத்திலேயே மதிவதனிக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. முதல் பார்வையில் அவளுக்குப் பிடித்துப்போன மனிதர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர்களிலும் இரண்டு பேர் பிற்பாடு ஜெயிலுக்குப் போனார்கள்.

காவல் நிலையத்தின் பின்பக்கம், பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான் ஆசிக். அம்பத்தூர் எஸ்டேட் ஓரம் கடை போட்டு, வண்டிகளுக்கு வயரிங், பேட்டரி வேலை பார்க்கிறவன். திருட்டுக் கேசில் பிடித்துவந்து உட்கார வைத்திருக்கிறார்கள், அப்போதும் காலரைத் தூக்கி விட்டிருந்தான். சட்டையின் முதுகில் ‘பேட்டரி டாக்டர்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

"யக்கா, மெட்ராஸ்ல ஜீப்புக்கு ரெண்டு பேட்டரி மாட்டணும்னா ஆசிக் பேரத்தான் சொல்வாங்கோ. நான் போயி நகைய தூக்குவனா? என் ரேஞ்சு இன்னா?"

"உன் ரேஞ்சு இப்போதைக்கு இந்த ஸ்டூல்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் மதிவதனி.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த எத்திராஜ் சிரித்தான். தனியார் துப்பறிவாளரான அவளுக்கு எத்திராஜ் உதவியாளன், முன்னாள் ஆட்டோ டிரைவர். ஆட்டோவை விற்று நாலு வருடமாகியும் வாயை மட்டும் இன்னும் ஸ்டாண்டில் நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். சாமுண்டீஸ்வரி என்ற அம்மாள் முப்பது வருடம் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவர். ஒவ்வொரு தீபாவளி போனசையும் நகையாக மாற்றிச் சேர்த்தார். ஒட்டியாணம், காசுமாலை, வளையல்கள். எல்லாம் இளைய மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு. அவளுக்கு ஆவணியில் கல்யாணம். நகைகளை மூத்த மகள் பவ்யாவும் அவள் புருஷன் விஷாலும் வைத்திருக்கும் பேங்க் லாக்கரில் போட்டு வைத்திருந்தார்கள்.

போன சனிக்கிழமை காலையில் விஷால் அவற்றைப் பாலிஷ் போடுவதற்காக லாக்கரிலிருந்து எடுத்தானாம். எடுத்தவன் நகைப் பையை ஜீப்பின் சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு, சாயங்காலம் பெண்டாட்டியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் கேம்பிங் போனான். ஒரு ராத்திரி வெட்டவெளியில் தங்கப் போகிறவர்கள் கல்யாண நகையோடு போனார்கள் என்பதைக் கேட்டபோதே மதிவதனிக்கு அந்தக் குடும்பத்தின் மேலிருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த ஜீப்புக்கு இரண்டாவது பேட்டரி மாட்டிக் கொடுத்த ஆசிக்கையே போன் போட்டு வரவழைத்தார்கள். அவன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனான். வீடு வந்து பார்த்தால் பையைக் காணோம்.

"நீ வேலை செய்யும்போது பக்கத்துல யார் இருந்தா?"

"யாரும் இல்லக்கா. சார் எல்லாரையும் ஏரிக்கரைய காட்டறேன்னு இட்டுகினு போய்ட்டாரு. ‘ஆசிக், நீ பாத்து முடி’ன்னாரு."

"என்ன வேலை செஞ்சே?"

"புது பேட்டரி எடுத்துகினு போயி முன்னாடி மாட்டுனேன். வண்டி கிளம்பிச்சு."

"பழசு செத்துடுச்சான்னு டெஸ்ட் பண்ணியா?"

"சாரே போன்ல சொல்லிட்டாரேக்கா, பேட்டரி காலின்னு. டாக்டருக்கு கைராசி போதும், டெஸ்ட்டு எதுக்கு?"

மதிவதனி பெருமூச்சு விட்டாள். இந்த ரகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹாரன் அடிக்கவில்லையா, பேட்டரியை மாற்று. ஏசி குளிரவில்லையா, பேட்டரியை மாற்று. அவளுடைய ஸ்கூட்டரில் சைடு ஸ்டாண்டு ஆடியதற்கே ஒருவன் பேட்டரியை மாற்றச் சொல்லியிருக்கிறான்.

"பழசு இப்போ எங்க?"

"கடைல கீது. சார்ஜுல போட்டேன். ஷோக்கா ஏறிச்சு."

"அப்போ அது சாகவே இல்லையேடா."

ஆசிக் காலரை இறக்கிவிட்டுக்கொண்டான். "மயக்கமா இருந்துருக்கும்."

"உன்னாண்ட வைத்தியம் பாத்தா பொணம்கூட எழுந்து ஓடிடும், நைனா" என்றான் எத்திராஜ்.

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் ஜெகதீசன் எதிரே வந்தார். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அறுபது வயது ஏறிவிட்ட முகம்.

"மேடம், சாயங்காலம் அவனை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறேன். புகார் குடுத்தவர் பெரிய இடம், அரைமணிக்கு ஒரு தரம் போன் வருது. அந்த மாமியாரம்மா உங்களைக் கூப்பிட்டது வேற அவருக்குப் பிடிக்கல. நீங்க ஏதாச்சும் கண்டுபிடிக்கிறதா இருந்தா அதுக்குள்ள பாருங்க. உள்ள போய்ட்டான்னா ஜாமீன் கிடைக்கிற வரைக்கும் கடையை எவன் திறப்பான்?"

அதுதான் மதிவதனிக்கும் உறுத்தியது. ஆசிக் ஒரு அரைகுறை, வாய்ச்சொல் வீரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரைகுறையாக இருந்ததற்காக ஒருவனை ஜெயிலில் போடுவதென்றால் பாதி ஊரைப் போட வேண்டும்.

ஸ்கூட்டரை எத்திராஜ் ஓட்டினான். லாரிகளின் புகைக்கு நடுவிலும் அவன் வாய் ஓயவில்லை.

"காலைலேந்து ஒரு டீதான்க்கா. எங்கூட்டுக்காரி ரெண்டு நாளா உர்ருனு கீறா. பாஸ்புக் போட்டுகினு வாடின்னு சனிக்கெழம பேங்குக்கு அனுப்சேன். வேகாத வெயில்ல போயி பாத்தா ஷட்டர் சாத்திகீது. ரெண்டாவது சனிக்கெழமயாம்! நான் இன்னா பேங்க் மேனேஜரா, கணக்கு வச்சிக்க? அன்னிலேந்து இட்லிக்கு சட்னி கட்."

"உனக்கு வச்ச இட்லியே அதிகம். ரோட்டைப் பாத்து ஓட்டு."

விஷாலின் அடுக்குமாடிக் குடியிருப்பு பூந்தமல்லி தாண்டி, பழைய ஏரி மதகுப் பக்கம் முளைத்திருந்த கட்டடங்களில் ஒன்று. அதன் பேருக்கும் ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. ஏதோ ஐரோப்பா ஏரியின் பேரை வைத்திருந்தார்கள். வாசலில் டேங்கர் லாரி தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது.

பார்க்கிங்கில் அந்த ஜீப் நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். இரண்டு வண்டிக்கான இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, பக்கவாட்டில் ஒரு குழாய் மூக்கு மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஜீப் இதுவரை கடந்த ஒரே ஆறு, மழைக்காலத்தில் டிரங்க் ரோட்டில் நிற்கும் சாக்கடைத் தண்ணீர்தான். கூரையில் மடித்து வைத்த கூடாரம். பின்கதவில் ஒரு மண்வெட்டி. அதன் கைப்பிடியில் விலைச் சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது.

"காடு எங்க சார் கீது இங்க?" என்று எத்திராஜ் கேட்டான்.

விஷால் அவனை வாட்ச்மேனைப் பார்ப்பது போலப் பார்த்தான். நாற்பது வயசு. ஐ.டி. கம்பெனியில் மேனேஜர்களுக்கு மேனேஜர். அவன் போட்டிருந்த கால்சட்டையில் பதினாலு பைகளாவது இருக்கும். எதிலும் ஒன்றும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், ஃப்ராங்கா சொல்றேன், நீங்க தேவையே இல்ல. அத்தை டென்ஷன்ல உங்களைக் கூப்பிட்டுட்டாங்க. திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சதைத்தான் நானும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். எங்க கேம்ப் போட்டீங்க?"

"லேக் வியூல. ஃப்ரெண்டோட பிளாட்."

அந்த இடமும் மதிவதனிக்குத் தெரியும். நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு, மனை மனையாகப் பிரித்து, விற்காமல் கிடப்பது. ஒரு பக்கம் குடோன், மறு பக்கம் குடோன், நடுவில் எட்டிப் பார்த்தால் ஏரி. இவன் வீட்டிலிருந்து அங்கே போக அரைமணி நேரம் ஆகாது. வீட்டிலுள்ள ஃப்ரிட்ஜ், ஃபேன், காபி மெஷின் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய், இயற்கையோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு, அத்தனையையும் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இந்த ரெண்டு பேட்டரி சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

புரியவில்லை என்று ஒரு பெண்பிள்ளை சொன்னதும் விஷாலின் முகம் மலர்ந்துவிட்டது. மதிவதனி அதை இருபது வருடமாகப் பார்த்து வருகிறாள். இந்த ஒரு வார்த்தைக்கு வாய் திறக்காத ஆண்பிள்ளையை அவள் இன்னும் சந்திக்கவில்லை.

"சிம்பிள் மேடம். முன்னாடி இருக்கிறது வண்டியை ஸ்டார்ட் பண்ண மட்டும். பின்னாடி இருக்கிற ரெண்டாவது பேட்டரிதான் ஃப்ரிட்ஜ், லைட் எல்லாத்துக்கும். நடுவுல ஐசொலேட்டர்னு ஒரு பெட்டி. இன்ஜின் ஓடினா ரெண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜினை நிறுத்தினா அது ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு விட்டுடும். ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ் ஓடினாலும் முன் பேட்டரியைத் தொடாது."

"தொடாதா?"

"தொடவே தொடாது. அதுக்குத்தானே இவ்வளவு செலவு?"

"அப்புறம் ஞாயித்துக்கிழமை எப்படி காலியாச்சு?"

விஷால் ஒரு நொடிதான் தயங்கினான். "அதுதான் ஆசிக்கோட பிளான். அந்தப் பெட்டியை வேணும்னே தப்பா மாட்டியிருக்கான். ரெண்டும் சேர்ந்து காலி. ராத்திரி பத்து மணிக்கே ஃப்ரிட்ஜ், லைட் எல்லாம் போச்சு. காலைல பால் திரிஞ்சு கிடந்தது. காபிகூட இல்ல மேடம்! நான் அவனைத்தான் கூப்பிடுவேன்னு அவனுக்குத் தெரியும்."

எத்திராஜ் உள்ளே தலையை விட்டு டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது இன்னா சார், செவப்பு பட்டனு?"

"அதைத் தொடாதீங்க! முன் பேட்டரி காலியானா அதை அழுத்தணும். பின் பேட்டரி முன்னாடி வந்து கை குடுக்கும், வண்டி ஸ்டார்ட் ஆயிடும். ஆனா அன்னிக்கு ரெண்டுமே காலியாச்சே. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அசையல."

கதை நன்றாகத்தான் இருந்தது. காஜா பையன் மாதிரி இருக்கும் ஆசிக் இவ்வளவு யோசிப்பானா என்பதுதான் மதிவதனிக்கு இடித்தது. பேட்டரி செத்ததா, மயங்கியதா என்றே பார்க்காதவன் அவன்.

மூன்றாவது மாடியில் விஷாலின் வீட்டில் சாமுண்டீஸ்வரி அம்மாள் அவளுக்காகக் காத்திருந்தார். அவள் உள்ளே நுழைந்ததும் பொரிந்து தள்ளினார்.

"இன்னாம்மா நீ, திருடன் அங்க கீறான், நீ இங்க வந்து வண்டிய சுத்திப் பாத்துகினு கீறே? மாப்ள வண்டிக்கு மெக்கானிக்கா கேட்டேன்? அவன் வாயிலேந்து நகை எங்கன்னு வரவைன்னுதானே உன்னைக் கூப்ட்டேன்? ஆவணில கல்யாணத்த வச்சிகினு நான் இன்னா செய்வேன்? வெறுங் கழுத்தோட பொண்ண மணையில குந்தவைக்கவா?"

பவ்யா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். விஷால் பின்னாலேயே வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

மதிவதனிக்கு இந்த வீட்டில் முதன்முறையாக ஒருவர் மேல் இரக்கம் வந்தது. கோபப்படும்போதுகூட அந்த அம்மாளின் வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஊசி பிடித்த மாதிரியே சேர்ந்திருந்தன.

"அம்மா, ஆசிக் அங்கே வேலை செஞ்சப்போ யாராச்சும் அவனைப் பார்த்தீங்களா?"

"பாத்தனாவா? போட்டோவே கீது! நடக்கப் போறதுக்கு முன்னாடி இவதான் புடிச்சா. போலீசுக்கும் காட்டிட்டோம். அவன் மூஞ்சியப் பாரு, கள்ள மூஞ்சி."

பவ்யா போனை நீட்டினாள். தாயும் மகளும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் ஜீப்பின் பானட்டுக்குள் ஆசிக் பாதி உடம்பைக் கொடுத்திருக்கிறான். ‘பேட்டரி டாக்டர்’ மட்டும் தெரிகிறது. மூஞ்சியே இல்லை.

மதிவதனி படத்தைப் பெரிதாக்கினாள். ஆசிக் இருந்த பக்கம் இல்லை. அம்மாள் ஒருக்களித்து நின்ற பக்கம். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்க பூ" என்றாள்.

அறையிலிருந்த எல்லாரும் அவளைப் பைத்தியம் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எத்திராஜ் மட்டும் வாயை மூடிக்கொண்டான். அக்கா இந்தக் குரலில் பேசினால் யாரோ ஒருவனுக்கு நேரம் சரியில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"எப்போ வாங்குனது?"

"சனிக்கெழம சாய்ந்தரம். போற வழியில பூந்தமல்லி மார்க்கெட்டாண்ட வண்டிய நிறுத்தச் சொல்லி வாங்குனேன். மல்லி. நெருக்கமா கட்டுனது."

"அன்னிக்கே வச்சுக்கலையா?"

"ராவுல கொசுவுக்கு காட்டவா வச்சிக்கணும்? வாழஎலைல சுத்தி மாப்ள வண்டி ஃப்ரிட்ஜுலதான் வச்சேன். காலைல நானும் இவளும் ஆளுக்கு பாதி வச்சிகினோம்."

"எடுக்கும்போது எப்படி இருந்துச்சு?"

"எப்டி இருக்கும்? ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரு மொட்டு வெடிக்கல."

மதிவதனி போனை எத்திராஜிடம் கொடுத்தாள். அவன் பார்த்துவிட்டு மெதுவாக விசில் அடித்தான். அம்மாளின் கொண்டையில் அரிசி மாதிரி இறுகிய மொட்டுகள், வரிசை கலையாமல்.

"சனிக்கிழமை சாயந்திரம் வாங்கின மல்லி. இந்தப் புழுக்கத்துல வெளியில வச்சா படுக்கப் போறதுக்குள்ள விரிஞ்சுடும், காலைல பழுத்துத் தொங்கும். இது தெரியாத பொம்பளை இந்தப் பக்கத்துல கிடையாது. தெரியாத ஆம்பளை நிறைய." விஷால் பக்கம் திரும்பினாள். "ராத்திரி பத்து மணிக்கே ஃப்ரிட்ஜ் செத்துடுச்சுன்னு சொன்னீங்க."

"அது... இன்சுலேஷன் மேடம். இம்போர்ட்டட் ஃப்ரிட்ஜ். கரண்ட் போனாலும் காலை வரைக்கும் குளிர்ச்சி நிக்கும்."

"நின்னுச்சா? அப்போ பால் ஏன் திரிஞ்சுது? ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே ராத்திரி. பூவுக்கு மட்டும் குளிர்ச்சி, பாலுக்குக் கிடையாதா?"

"பாலு கூச்சத்துல திரிஞ்சிருக்கும்க்கா" என்றான் எத்திராஜ்.

"பாலை நான் பாக்கவே இல்ல" என்று பவ்யா மெதுவாகச் சொன்னாள். "நான் எந்திரிக்கும்போதே திரிஞ்சுபோச்சு, கொட்டிட்டேன்னு இவர்தான் சொன்னார்."

"திரிஞ்சிருக்காது. நல்ல பாலைத்தான் கொட்டியிருக்கார். பின் பேட்டரி விடியற வரைக்கும் வேலை செஞ்சுது. அந்தச் சிவப்புப் பட்டனை ஒரு தரம் அழுத்தியிருந்தா வண்டி கிளம்பியிருக்கும். இவர் அழுத்தல. முன் பேட்டரி தானா காலியாகல. எல்லாரும் கூடாரத்துல தூங்கும்போது சாவியைத் திருப்பி வச்சுட்டா போதும், விடியறதுக்குள்ள தானே வடிஞ்சுடும். இவருக்கு வண்டி கிளம்பக் கூடாது. ஆசிக் வரணும். வந்து தனியா இருக்கணும். அதுக்குத்தான் உங்களை ஏரி காட்டக் கூட்டிட்டுப் போனார்."

சாமுண்டீஸ்வரி அம்மாள் மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இன்னும் கோபம் வரவில்லை. குழப்பம்தான் இருந்தது.

"மாப்ள... நீங்களா எடுத்தீங்க? எங்க வச்சிருக்கீங்க? குடுத்துடுங்க மாப்ள, யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"அத்தை, இவங்க ஏதோ பூவை வச்சு கதை விடறாங்க. பூவெல்லாம் ஒரு எவிடென்ஸா?" விஷால் எழுந்தான். "எங்க வேணா தேடிப் பாருங்க. வண்டி, வீடு, ஆபீஸ். ஒரு குண்டுமணி தங்கம் கிடைச்சா என்னைக் கேளுங்க!"

மதிவதனி அவனைக் கூர்ந்து பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவன் உண்மையாகச் சொல்கிறான் என்று தோன்றியது. திருடிய நகையை ஒளித்து வைத்தவன் இவ்வளவு தெம்பாகத் தேடச் சொல்ல மாட்டான். அப்போதுதான் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. காலையிலிருந்து நகை எங்கே போயிற்று என்று தேடுகிறாளே ஒழிய, நகை வந்ததா என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

"அம்மா, அந்தப் பைக்குள்ள நகை இருந்ததைக் கண்ணால பார்த்தீங்களா?"

"தூக்கிப் பாத்தேன். கனமா, கலகலன்னு இருந்துச்சு. தெறக்கலாம்னேன். வெட்டவெளில வேணாம்னுட்டாரு."

"நீ பார்த்தியாம்மா?"

பவ்யா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"சரி. சார், நகையை லாக்கர்லேந்து எப்போ எடுத்தீங்க?"

"அதான் போலீஸ்ல சொன்னேனே. சனிக்கிழமை காலைல."

"நீங்களே பேங்குக்குப் போய்?"

"பின்ன? லாக்கரை வீட்டுக்கா அனுப்புவாங்க?"

எத்திராஜ் தன் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான்.

"அட கஸ்மாலமே! ரெண்டாவது சனி! எங்கூட்டுக்காரி வெயில்ல நின்ன அதே சனி! ஊர்ல ஒரு பேங்கு தெறக்கல, இவருக்கு மட்டும் மேனேஜர் கதவத் தெறந்து வுட்டாரா? எனக்கு ரெண்டு நாளா சட்னி இல்ல சார், இதுக்கு நானே சாட்சி!"

விஷால் மறுபடி சோபாவில் உட்கார்ந்துவிட்டான். வருடம் முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் லீவு அனுபவிக்கிறவனுக்கு ஒரு சனிக்கும் இன்னொரு சனிக்கும் வித்தியாசம் ஏது? பேங்க் என்றால் போனில் இருப்பது. நாள் கிழமை பார்த்து அங்கே போய் வரிசையில் நிற்கிறவர்கள் வேறு ஜாதி என்று நினைத்திருப்பான்.

"பைல என்ன இருந்துச்சு?" என்று மதிவதனி கேட்டாள்.

விஷால் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆணி. டெண்ட் அடிக்கிற ஆணி. அன்னிக்கு ராத்திரியே ஆணிப் பெட்டியில கொட்டிட்டு பையைத் தூக்கி எறிஞ்சுட்டேன்."

பவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். லாக்கர் சாவி ஒரு வருடமாக யாரிடம் இருந்தது என்று அவளுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"திருப்பி வாங்கி வச்சுடலாம்னுதான் இருந்தேன் அத்தை. போனஸ் வரட்டும்னு... அதுக்குள்ள நீங்க கல்யாணம்னு சொல்லிட்டீங்க..."

"என் நகை எங்க?" அம்மாள் அவனைக் கேட்கவில்லை. மதிவதனியைக் கேட்டார். "எவனாண்ட வித்தான்? எந்தக் கடை? நான் போயி கால்ல வுழுந்தாவது..."

மதிவதனிக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உங்க நகை எங்கேயும் போகலைம்மா. கீழ பார்க்கிங்ல நிக்குது."

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஜெகதீசன் தானே போலீஸ் ஜீப்பில் வந்தார். ஆசிக்கையும் கூடவே கூட்டிவந்திருந்தார். மாஜிஸ்ட்ரேட் முன் நிற்க வேண்டியவன் விடுதலையாகி வந்து இறங்கினான். காலர் மறுபடியும் மேலே ஏறியிருந்தது. அவனுக்குப் பதிலாக அழைத்துப் போக வேண்டிய விஷால் ஒரு தூணோரம், பதினாலு பை இருந்தும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"நன்றிக்கா" என்றான் ஆசிக் மதிவதனியிடம். பிறகு விஷாலின் ஜீப்பை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "பின்னாடி பேட்டரியும் கொஞ்சம் வீக்காத்தான் தெரியுது. மாத்திடலாமா?" என்று கேட்டான்.

மதிவதனி அவனை முறைத்த முறைப்பில் காலர் கீழே வந்தது.

சாமுண்டீஸ்வரி அம்மாள் லிப்டிலிருந்து வெளியே வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். ஜீப்பின் அருகே போய், துணி எடுக்கும்போது தடவிப் பார்ப்பது போல அதன் கதவைத் தடவினார். இதற்கு முன் இரண்டு தரம் அதில் உட்கார்ந்து போயிருக்கிறார். மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பெருமையும் பேசியிருக்கிறார்.

"இவன்கிட்ட கேட்டுட்டேன்" என்றார் மதிவதனியிடம். "எதுக்கு எதை வித்தான்னு ஒண்ணொண்ணா சொன்னான்." அந்த ‘இவன்’ பார்க்கிங் முழுக்கக் கேட்டது. காலை வரை ‘மாப்ள, நீங்க, வாங்க’தான். பிறகு ஆசிக்கைக் கூப்பிட்டார். "தம்பி, உன்னைத் திருடன்னேன். தப்பு என்னுது. உன் டூல்ஸ் எங்க?"

"போலீஸ் ஜீப்லயே கீதும்மா, ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்துட்டாங்கோ."

"எட்து வா. நீ மாட்டுனதயெல்லாம் கழட்டு. மேல இருக்குற ஒட்டியாணத்தை மொதல்ல எறக்கு. அப்பால பின்னாடி இருக்குற காசுமாலை. வளையல கடைசியா பாத்துக்கலாம்."

ஆசிக் திருதிருவென்று விழித்தான். "காசுமாலை எதும்மா?"

"ரெண்டாவது பேட்டரி, நைனா" என்றான் எத்திராஜ். அவன் குரலில் கிண்டல் இல்லை. "மேல கீற டெண்ட்டுதான் ஒட்டியாணம். ஃப்ரிட்ஜு வளையலு."

ஆசிக் போய் டூல்ஸ் பெட்டியை எடுத்து வந்தான். கூடாரத்தை இறக்க எத்திராஜ் கை கொடுத்தான். பின்கதவைத் திறந்து ஆசிக் ஸ்பானரை பேட்டரியின் நட்டில் வைத்தபோது தூணோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மெதுவா... பாத்து. கழட்டினா வாரண்டி போயிடும்."

இன்ஸ்பெக்டர்கூட வேறு பக்கம் பார்த்தார். மதிவதனி தன் தொழிலில் கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவன்கூட இவ்வளவு அற்பமாக அவளுக்குத் தோன்றியதில்லை.

சாமுண்டீஸ்வரி அம்மாள் திரும்பி அவனிடம் நடந்து போனார். சேர்ந்தே இருக்கும் அந்த இரண்டு விரல்களையும் அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"முப்பது வருசம் காஜா எடுத்தேன்டா. இந்த வெரலு ரெண்டும் நிமிராது. இதுக்கு எவன் குடுத்தான் வாரண்டி?"

விஷால் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாள் ஜீப்புக்குத் திரும்பி வந்து, பக்கத்திலேயே நின்றார்.

"நீ கழட்டு தம்பி" என்றார்.

ஆசிக் நட்டைத் திருகினான்.